பச்சை மாறாத வரிசைகள்

அந்த ஆகஸ்டில் ரோவெனாகோ மேடு முழுவதும் வெந்துபோய்க் கிடந்தது. உச்சியில் இருந்த சரளை நிலத்தில் திராட்சை இலைகள் ஓரம் கருகிச் சுருண்டிருந்தன. கார்தா ஏரி கரையை விட்டு இறங்கிப்போய், படகுத்துறைப் படிகளில் யாரும் பார்த்திராத பாசி வெயிலில் காய்ந்தது. மேட்டின் நடுவயிற்றில் குறுக்காக ஓடிய சில வரிசைகள் மட்டும் ஈரத்துணி போலப் பச்சையாக இருந்தன. படகிலிருந்து பார்த்தால் அந்தப் பச்சைதான் முதலில் கண்ணில் படும்.

அந்த நிலம் என் அக்கா நீவெஸின் கணவர் தர்சீசியோவுடையது. நான் இல்டே. கீழே துறையில் மீன் பொரித்துக் கொடுக்கும் சின்னக் கடை நடத்துகிறேன். அந்தப் பச்சை வரிசைகளிலிருந்து வந்த ஒயினை என் கடையில் நானே ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். வெளிறிய ரோஜா நிறம். முதல் வாயில் புளிப்பு, விழுங்கிய பிறகு நாக்கில் ஈரக்கல்லை நக்கியது போல ஒரு மெல்லிய உப்பு. அந்த வறட்சி வருடங்களில் அக்கம்பக்கத்து ஒயினெல்லாம் பழப்பாகு போலக் கொழகொழத்து இனித்தது. இது மட்டும் குடித்தவனை நிமிர்ந்து உட்கார வைத்தது. மிலானிலிருந்து ஆட்கள் கார் எடுத்துக்கொண்டு வந்தார்கள். பெர்னிலிருந்து ஒரு வியாபாரி வந்து மொத்த அறுவடையையும் கேட்டார்.

அத்தானுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது குடும்பத்துக்குள் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். பாகப்பிரிவினையில் மேட்டின் உச்சி அவருடைய அண்ணன் ஒரேஸ்தேவுக்குப் போனது. உச்சியில் விடியலில் மலையிலிருந்து இறங்கும் பெலேர் காற்றும் அடிக்கும், மதியம் தெற்கிலிருந்து ஏறும் ஓரா காற்றும் அடிக்கும். எங்கள் க்ரொப்பெல்லோ திராட்சையின் குலை மூடிய முஷ்டி மாதிரி இறுக்கமானது. உள்ளே ஈரம் தங்கினால் இரண்டே நாளில் அழுகிவிடும். காற்றுதான் அதற்கு வைத்தியம். இளையவரான அத்தானுக்குக் கிடைத்ததோ காற்றும் எட்டாத, டிராக்டர் சக்கரம் புதைகிற வயிற்றுப்பகுதி. மழை அதிகமான வருடங்களில் அவருடைய குலைகள் சாம்பல் பூத்துப்போகும். தப்பியதைப் பிழிந்தால் தண்ணீர் மாதிரி இருக்கும்.

ஒரேஸ்தே என் கடையில் நாலு பேர் முன்னால் சொல்வார்: "தம்பி ஒயினை வீணாக்காத இல்டே. மீன் கழுவ வச்சுக்கோ."

அத்தான் சிரித்துக்கொண்டே தட்டைப் பார்ப்பார்.

பிறகு மழை குறைந்தது. உச்சியின் சரளையில் விழுந்த கொஞ்ச மழையும் அங்கே நிற்காமல் உள்ளே இறங்கி, அடியில் இருந்த நீலக் களிமண்ணைத் தொட்டு, அதன் மேலேயே வழுக்கிக்கொண்டு வந்து அத்தானின் வேர்களுக்கு அடியில் தங்கியது. அண்ணனின் கொடிகள் காய்ந்தன. தம்பியின் கொடிகள் குடித்தன.

"அண்ணன் எனக்குச் சேர வேண்டிய பங்கைக் கடைசியில மண்ணுக்கடியில அனுப்பிட்டான்" என்று அத்தான் சொன்னபோது கடையே சிரித்தது. ஒரேஸ்தே அன்று மீனைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

அக்காவின் வீடு சரிவுக்கு ஓரமாக, பாறை மேல் இருந்தது. பச்சை வரிசைகளுக்கு நேர் கீழே, ஏரிச் சாலையை ஒட்டி இருந்தது செவெரோவின் வீடு. செவெரோ படகு இன்ஜின் மெக்கானிக். அவனும் அவன் மனைவி அமாபிலேயும் முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் குடியிருப்பு, கொல்லையில் ஏழெட்டு வாத்துகள் என்று வாழ்ந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் கம்பியில் சுட்ட இறைச்சியும் போலெந்தாக் களியும் சாப்பிட எல்லோரும் கூடியிருந்தோம். செவெரோ களியை வெண்ணெயில் புரட்டிக்கொண்டே சொன்னான்:

"முதலாளி, உன் தோட்டம் என் வீட்டுக்கு விருந்துக்கு வருது போல."

"என்னடா சொல்ற?" என்றார் அத்தான்.

"பட்டறைக் கதவு மூட மாட்டேங்குது. போன வருஷம் மேல சீவினேன். இந்த வருஷம் மறுபடி இடிக்குது. கதவு வளரலை, சுவர்தான் சாயுது."

"பழைய வீடுன்னா அப்படித்தான். நீயும்தான் சாஞ்சுட்டே வர்ற."

எல்லோரும் சிரித்தார்கள். அமாபிலே சிரிக்கவில்லை. "கிணத்துத் தண்ணி பால் மாதிரி வருது, நீவெஸ்" என்று என் அக்காவைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். "வாத்துகூடக் குடிக்க யோசிக்குது."

சாப்பாடு முடிந்து ஆண்கள் சீட்டாட உட்கார்ந்ததும் அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். "வாடி, ஒண்ணு காட்டணும்."

பச்சை வரிசைகளுக்கு மேலே, அண்ணன் தம்பி நிலங்களின் எல்லையில், புல் ஒரு கோடாக மடிந்து கிடந்தது. அக்கா மண்டியிட்டுப் புல்லை விலக்கினாள். வெடிப்பு. வறட்சியில் மண் வெடிப்பது எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் அவை நாலாப்பக்கமும் வலைபோல ஓடும். இது சரிவுக்குக் குறுக்காக, ஒரே கோடாக, பிறை மாதிரி வளைந்து கிடந்தது. அக்கா சட்டைக் கையைச் சுருட்டிக் கையை உள்ளே விட்டாள். முழங்கை மறைந்தது. தோள் வரை போயும் அவளுக்கு அடி தட்டுப்படவில்லை.

"நீ விட்டுப் பாரு."

விட்டேன். வெளியே வெயில் முதுகைச் சுட்டது. உள்ளே என் விரல்களை ஒரு குளிர் மூச்சு தொட்டது. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன்.

"கம்பங்களைப் பாரு" என்றாள் அக்கா. வரிசைகளைத் தாங்கிய கம்பங்கள் எல்லாம் ஏரியைப் பார்த்துக் கொஞ்சம் குனிந்திருந்தன. கம்பிகள் வீணைத்தந்தி போல விறைத்திருந்தன. "முந்தாநாள் ஒண்ணு தானா அறுந்துச்சு. நான் பக்கத்துல இருந்தேன். துப்பாக்கி மாதிரி சத்தம்."

"அத்தான்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். கம்பி பழசுங்கறான்."

அக்கா விடவில்லை. நகராட்சிக்குப் போய் நிலவியல் பார்க்கும் ஒரு பெண்மணியை அழைத்து வந்தாள். அவர் இரும்புத் தடியால் மண்ணைத் துளைத்து, நீலக் களிமண்ணை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துக் காட்டினார். சோப்பு மாதிரி வழுக்கியது. மேலே சரளை, கீழே களிமண், நடுவில் தண்ணீர் என்றார். வறட்சி இருக்கும் வரை இது மெல்ல நகரும், ஒரு பெருமழை வந்தால் மெல்ல நகராது என்றார். பச்சை வரிசைகளுக்கு மேலே ஆழமாக ஒரு வடிகால் வெட்டி, தண்ணீரைப் பக்கத்து ஓடைக்குத் திருப்பிவிட்டால் சரிவு காய்ந்து நிற்கும். முதலில் அதைச் செய்யுங்கள், மற்றது பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அத்தான் அவர் போகும்வரை மரியாதையாகத் தலையாட்டினார். பிறகு அக்காவிடம் சொன்னார்: "அந்தத் தண்ணிதான் அந்த ஒயின். தண்ணியை எடுத்துட்டா அங்க என்ன இருக்கு? ஒரேஸ்தேவோட ஒயின் இருக்கும். அதுலயும் மட்டமா."

"கீழ ஆளுங்க இருக்காங்க, தர்சீசியோ."

"அவங்க பொறந்ததுக்கு முன்னாடியிலிருந்து அந்த மேடு இருக்கு."

"மேடு இருந்துச்சு. வெடிப்பு இல்ல."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அந்தக் குளிர்காலம் முழுக்க இந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் அவர் எழுந்து வெளியே போனார்.

வசந்தத்தில் வெரோனாவில் ஒயின் சந்தை. அத்தான் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய அன்று காலையிலேயே அக்கா செவெரோவிடம் சொல்லி ஒரு பொக்லைனை வரவழைத்தாள். நானும் போய் நின்றேன். ஆள் உயரத்துக்கு மேல் தோண்டியதும் பள்ளத்தின் சுவர் வியர்த்தது. பிறகு நீல மண்ணுக்கும் சரளைக்கும் நடுவிலிருந்து தண்ணீர் சத்தமில்லாமல் வழிய ஆரம்பித்தது. அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. குழாய் பதித்து, கல் நிரப்பி, ஓடைக்குத் திருப்பினார்கள். அன்று மாலை ஓடையில் நீர் ஓடுவதைப் பார்த்து அமாபிலே அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்குத்தான் வீட்டுல கஷ்டம்" என்றாள்.

அத்தான் திரும்பி வந்து வடிகாலைப் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்துத்தான் நான் அங்கே இருந்தேன். அவர் ஓரத்தில் உட்கார்ந்து, குழாயின் வாயில் கையை வைத்து, விரல்களுக்கு நடுவே தண்ணீர் ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எல்லாரையும் கேட்ட. என்னை மட்டும் கேட்கலை" என்றார்.

"உன்னைத்தான் குளிர்காலம் பூரா கேட்டேன்" என்றாள் அக்கா.

அந்தக் கோடையில் பச்சை வரிசைகளும் மஞ்சளாயின. செவெரோவின் கிணறு தெளிந்தது. சீவிய கதவில் இடைவெளி விழுந்து காற்று வந்ததால் அவன் அதற்குப் பட்டை அடித்தான். அந்த வருட ஒயின் நல்ல ஒயின்தான். எல்லோருடைய ஒயினையும் போல நல்ல ஒயின். பெர்ன் வியாபாரி ஒரு வாய் குடித்தார், கோப்பையை நிதானமாக மேசையில் வைத்தார், வேறு ஏதோ பேசினார். அதன் பிறகு வெகுநாள் வரவில்லை. ஒரேஸ்தே என் கடையில் உட்கார்ந்து அதைக் குடித்துவிட்டு, "இப்பதான் தம்பி நம்ம ஆளு மாதிரி ஒயின் பண்ணியிருக்கான்" என்றார். அவர் அதை அன்பாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அத்தானுக்கு அது எப்படி விழுந்தது என்பதை அவர் முகத்தில் பார்த்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் கொடி கவாத்து செய்ய அவர் தனியாகவே போனார். உதவிக்கு யாரையும் கூப்பிடவில்லை.

அடுத்த கோடையும் மழையில்லாமல் வந்தது. ஜூலையில் நான் படகில் மீன் வாங்கப் போனவள் திரும்பிப் பார்த்தேன். மேட்டின் வயிற்றில் அந்தப் பச்சை மறுபடி நின்றது. படகுக்காரன், "உங்க அத்தானுக்கு யோகம் திரும்பிடுச்சு" என்றான். நான் மீன் வாங்காமலே படகைத் திருப்பச் சொன்னேன்.

அக்காவுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் ஏற்கெனவே மேலே போயிருந்தாள். வடிகால் பார்வைக்கு அப்படியே இருந்தது. ஓடைப் பக்கம் குழாய் வாய் மட்டும் முள்செடிகளுக்குள் மறைந்திருந்தது. முள்ளை விலக்கினால், வாய் முழுக்க நீலக் களிமண்ணும் வைக்கோலும் சேர்த்துக் குழைத்து அடைத்திருந்தது. பூச்சு வேலைக்காரன் பூசியது போல வழவழப்பாக, கவனமாக.

அவள் நேராக ஒயின் தொட்டிகள் இருந்த பாதாள அறைக்குப் போய் அவரிடம் கேட்டாள். அவர் பொய் சொல்லவில்லை.

"இந்த ஒரு அறுவடை. அப்புறம் நானே திறந்துடறேன்."

"மழை வந்தா?"

"வானத்தைப் பாரு, நீவெஸ். எங்க இருக்கு மழை?"

"செவெரோகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

"ஒண்ணும் சொல்லாத. அறுவடை முடியட்டும்." பிறகு, அக்கா அதுவரை கேட்டிராத ஒரு குரலில், அவர் சொன்னாராம்: "வாழ்க்கையில ஒரே ஒரு விஷயம் எனக்கு நல்லா வந்துச்சு. அதை இன்னொரு தடவை பண்ணிக்கறேன். அவ்வளவுதான் கேட்கறேன்."

அக்கா அறுவடை வரை பொறுக்கச் சம்மதித்தாள். ஆனால் நாள்தோறும் காலையில் போய் வெடிப்பின் இரண்டு பக்கமும் குச்சி நட்டு அளந்தாள். குச்சிகள் விலகிக்கொண்டே போயின.

செப்டம்பர் தொடக்கத்தில் அறுவடை முடிந்தது. சாறு தொட்டிக்குப் போனது. பாதாள அறைக்குள் நுழைந்தாலே அந்த மணம் வந்து முகத்தில் மோதியது. அத்தான் குழாயைத் திறக்கவில்லை. நொதித்தல் முடியட்டும் என்றார். பிறகு மண் இறுகிவிட்டது, நனையட்டும் என்றார். அக்கா கடப்பாரையோடு தானே போய்க் குத்திப் பார்த்தாள். கோடை முழுக்க வெந்த களிமண், செங்கல் மாதிரி ஆகியிருந்தது. விளிம்புதான் உதிர்ந்தது.

அக்டோபரில் ஒரு மதியம் ஓரா காற்று வரவில்லை. நாங்கள் ஓராவை வைத்துத்தான் மதியம் என்று அறிவோம். துறைக் கொடிமரத்தில் கொடி அசையாமல் தொங்கியது. ஏரி எண்ணெய் மாதிரி கிடந்தது. தெற்கிலிருந்து வந்த மேகம் மலைச் சுவரில் முட்டி, திரும்பிப் போக வழியில்லாமல் எங்கள் தலைமேலேயே உட்கார்ந்துவிட்டது. அன்று மாலை ஆரம்பித்த மழை மறுநாளும் விடவில்லை, அதற்கு மறுநாளும் விடவில்லை. இத்தனை வருடம் பெய்யாதது எல்லாம் சேர்ந்து விழுந்தது போல இருந்தது. உச்சியின் சரளை அத்தனையையும் குடித்தது. மேலே ஒரு சொட்டும் தேங்கவில்லை. அதைப் பார்த்துத்தான் அக்கா பயந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் அவள் குடை இல்லாமல் செவெரோவின் பட்டறைக்குள் நுழைந்தாள். பழுதுபார்க்கக் கொடுத்திருந்த கடை மோட்டாரை வாங்க நானும் அங்கே வந்திருந்தேன்.

"கிளம்புங்க" என்றாள். "ரெண்டு பேரும். இப்பவே."

"வடிகால் இருக்குல்ல?" என்றான் செவெரோ. "மழைக்குப் பயந்தா மீன்கூட ஏரியில இருக்க முடியாது நீவெஸ்."

"வடிகால் இல்ல. அடைச்சிருக்கு."

"எது அடைச்சிருக்கு?"

அக்கா மேட்டின் பக்கம் கையை நீட்டினாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "அவன் அடைச்சான்" என்றாள். "கோடையிலேயே. எனக்குத் தெரியும்."

செவெரோ கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். அவள் முகத்தைப் பார்த்தான். வேடிக்கைக்காரனின் முகம் அப்படி வெறுமையாகும் என்று எனக்குத் தெரியாது. அதற்குள் அமாபிலே உள்ளே போய் அடுப்பை அணைத்து, ஒரு பையில் துணிகளைத் திணித்துக்கொண்டு வந்துவிட்டாள். "அப்புறம் திட்டிக்கலாம்" என்றாள் கணவனிடம். "வாத்துகளைத் திறந்துவிடு."

வாத்துகள் கூட்டில் இல்லை. சாலையைத் தாண்டி ஏரிக்கரையில் ஒன்றாக நெருக்கிக்கொண்டு நின்றன.

நாங்கள் சாலையில் துறைப் பக்கமாகத் தள்ளிப் போனதும் அக்கா மேலே பார்த்து நின்றுவிட்டாள். மழைத்திரைக்குள் ஓடைப் பக்கம் அத்தான் தெரிந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கடப்பாரையைத் தூக்கித் தூக்கிக் குத்திக்கொண்டிருந்தார். அவள் அவரை எழுப்பிச் சொல்லிவிட்டுத்தான் கீழே வந்தாளாம். அவர் காலணியை மாட்டிக்கொண்டிருந்தாராம்.

"தர்சீசியோ" என்று கத்தினாள். "விட்டுட்டு வா. ஆளுங்க வெளிய வந்துட்டாங்க. வா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். எங்களைப் பார்த்தார் என்றே நினைக்கிறேன். ஒரு கையைத் தூக்கினார். 'வருகிறேன்' என்றா, 'கொஞ்சம் பொறு' என்றா, தெரியவில்லை. மறுபடி குனிந்தார்.

மேட்டின் சத்தம் பிறகுதான் வந்தது. முதலில் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்தன. அதன் பிறகு வரிசைகள் நடக்க ஆரம்பித்தன. எனக்கு வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கொடிகள் சாயவில்லை. கம்பங்களோடு, இலைகளோடு, நேராக நின்றபடி ஊர்வலம் போல இறங்கி வந்தன. அவற்றுக்குப் பின்னால் நீலமான ஒரு சுவர் திறந்தது. அதற்குப் பிறகுதான் மேடு அடித்தொண்டையில் உறுமியது. செவெரோவின் கூரை ஒரு பக்கம் தூக்கி, திரும்பி, மண்ணுக்குள் போனது. அதை ஒட்டிய சாலை போனது. ஏரி வெகுதூரம் வரை பழுப்பானது.

தீயணைப்புக்காரர்கள் மறுநாள் அத்தானை எடுத்தார்கள். குழாய் இருந்த இடத்திலிருந்து வெகு கீழே, நிமிர்ந்து நின்ற இரண்டு வரிசைகளுக்கு நடுவே இருந்தார். குழாயின் வாய் பாதி திறந்திருந்தது என்று அவர்களில் ஒருவர் சொன்னார்.

அடக்கத்தின்போது பாதிரியார் அவரைப் பற்றி நல்லபடியாகப் பேசினார். அண்டை வீட்டைக் காப்பாற்ற மழையில் போன மனிதர் என்றார். ஒரேஸ்தே வாய்விட்டு அழுதார். முன்வரிசையில் அக்கா கல்லாக உட்கார்ந்திருந்தாள். நான் திரும்பிச் செவெரோவைப் பார்த்தேன். அவன் எழுந்து உண்மையைச் சொல்லிவிடுவானோ என்று பயந்தேன். அவன் தொப்பியைத் திருகிக்கொண்டே இருந்தான்.

வெளியே வந்ததும் அக்காவே அவனிடம் போனாள். "நீ சொல்லணும்னா சொல்லு. நான் மறுக்க மாட்டேன்."

"என்னத்தச் சொல்ல?" என்றான் செவெரோ. "அடைச்சான். திறக்கவும் போனான். ரெண்டும் நடந்துச்சு. எதைச் சொன்னாலும் பாதிதான்."

"உன் வீடு போச்சு."

"போச்சு. அதுக்கு அவன்மேல எனக்குக் கோவம் இருக்கு. அது எங்கயும் போகாது. உன்மேல இல்ல." கொஞ்ச தூரம் போய்த் திரும்பினான். "கோடையிலேயே சொல்லியிருக்கலாம், நீவெஸ்."

"ஆமா" என்றாள் அக்கா.

செவெரோவும் அமாபிலேயும் குளிர்காலம் முழுக்க என் கடை மாடியில் இருந்தார்கள். மார்ச்சில் பெர்ன் வியாபாரி வந்தார். அந்தக் கடைசி அறுவடையைப் பற்றி எங்கோ கேள்விப்பட்டிருந்தார். இனி அந்த நிலமே இல்லை என்பதால் அதற்கு மதிப்பு அதிகம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அக்கா அவரைத் திருப்பி அனுப்பினாள். அன்று மாலை ஒரு குடுவையில் அந்த ஒயினைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்து எங்கள் நாலு பேருக்கும் ஊற்றினாள்.

குடித்தோம். அந்தப் புளிப்பு, அந்த உப்பு. நான் அதுவரை குடித்ததிலேயே மிக நல்ல ஒயின் அதுதான். எங்காவது ஒரு கசப்பு இருக்கும் என்று நாக்கு தேடியது. இல்லவே இல்லை.

அமாபிலேதான் முதலில் கோப்பையை வைத்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

செவெரோ தன் கோப்பையைக் காலி செய்தான். இன்னொன்று கேட்கவில்லை.

தொட்டியில் மிச்சமிருந்ததைக் கோடையில் சலோ ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு வினிகர்காரர் வந்து உறிஞ்சிக்கொண்டு போனார். அக்கா குழாயைப் பிடித்துக்கொடுத்தாள், தரையைக் கழுவிவிட்டாள், பாதாள அறையைப் பூட்டினாள். இப்போது என்னோடு கடையில் மீன் சுத்தம் செய்கிறாள். மழை நாட்களில் மட்டும் கத்தியை வைத்துவிட்டு வாசலுக்குப் போய், மேலே பார்க்காமல், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.